பூஸ்டர் இருக்கை வாங்கும் முன் நாற்காலியை அளந்து பாருங்கள்

ஹைசேரில், அதாவது டிரே பொருத்திய உயரமான குழந்தை நாற்காலியில், சமர்த்தாக உட்கார்ந்து சாப்பிட்டுவந்த குழந்தை, ஒன்றரை வயதை ஒட்டி அதில் ஏறவே மறுப்பது பல வீடுகளில் நடப்பதுதான். பெரியவர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, தான் மட்டும் ஓர் ஓரத்தில் டிரேக்குப் பின்னால் அடைபட்டிருப்பது அந்த வயதுக்குப் பிடிப்பதில்லை. எங்கள் மகளும் அவ்வாறே மறுக்கத் தொடங்கியபோது, வீட்டிலிருக்கும் சாதாரண நாற்காலியின்மேல் வைத்துக் கட்டிக் குழந்தையை மேசையளவுக்கு உயர்த்தும் பூஸ்டர் இருக்கை ஒன்றைத் தேடத் தொடங்கினோம். வாங்குவதற்கு முன், உறவினர்களிடமும் நண்பர்களிடமும் இருந்த பல வகைகளை இரவல் பெற்று எங்கள் நாற்காலியில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. அப்படிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது, பூஸ்டர் இருக்கைகளில் தன்னளவில் சிறந்தது என்று ஒன்று கிடையாது என்பதே. ஒரு வீட்டில் கச்சிதமாகப் பொருந்திய இருக்கை இன்னொரு வீட்டு நாற்காலியில் ஆட்டம் காண்கிறது. ஒரு குழந்தைக்குச் சரியாக அமைந்த உயரம், அதே வயதுடைய இன்னொரு குழந்தைக்கு மேசை முகவாயைத் தொடும்படி ஆகிவிடுகிறது. ஆகவே, எந்த இருக்கை என்று கேட்பதற்கு முன், எந்த நாற்காலி, எந்த மேசை, எவ்வளவு உயரமுள்ள குழந்தை என்ற மூன்றுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு ஓர் அளவுநாடா போதும். முதலில், நாற்காலியின் அமரும் பரப்பிலிருந்து மேசையின் மேற்பரப்பு வரை எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். சாப்பாட்டு மேசைகள் பெரும்பாலும் 71 முதல் 76 சென்டிமீட்டர் உயரத்திலும், நாற்காலிகளின் அமரும் பரப்பு 43 முதல் 48 சென்டிமீட்டர் உயரத்திலும் செய்யப்படுவதால், இந்த இடைவெளி ஏறக்குறைய 25 முதல் 30 சென்டிமீட்டராக இருக்கும். அடுத்து, குழந்தையைத் தரையில் நிமிர்ந்து உட்காரவைத்து, முழங்கையை மடக்கிய நிலையில், தரையிலிருந்து முழங்கை வரையிலான உயரத்தை அளக்க வேண்டும். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதே, இருக்கை குழந்தையை உயர்த்த வேண்டிய அளவு. இடைவெளி 29 செ.மீ., முழங்கை உயரம் 16 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 13 செ.மீ. உயர்த்தும் இருக்கை வேண்டும். ஓரிரு செ.மீ. கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. முழங்கை மேசையைவிடச் சற்றே மேலே இருக்கும்போதுதான் தட்டில் இருப்பது குழந்தையின் கண்ணுக்கும் கைக்கும் வசதியாக எட்டும். அளவெடுத்து முடிக்கும்வரை ஒன்றரை வயதுக் குழந்தை அசையாமல் இருக்காதே என்று தோன்றலாம். முதுகைச் சுவரோடு ஒட்டி உட்காரவைத்து, கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு, முழங்கை இருக்கும் உயரத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டால், குழந்தை எழுந்து ஓடிய பிறகு நிதானமாக அளந்துகொள்ளலாம்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கைகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் உயரம் பல நேரங்களில் முதுகுச்சாய்வின் உச்சிவரை அளந்த மொத்த உயரமாக இருக்கும். நமக்குத் தேவையானதோ, குழந்தையின் இடுப்பு பதியும் இடம் நாற்காலியிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பது. முழுக் கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆனவற்றில் இரண்டு மூன்று படிகளாக உயரத்தை மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், குழந்தை வளர வளர இருக்கையைத் தாழ்த்திக்கொண்டே வரலாம்; இந்த ஒரு வசதிக்காகவே நாங்கள் அவ்வகையின் பக்கம் சாய்ந்தோம். மெத்தை போன்ற மென்மையான வகைகள் குழந்தையின் எடையில் அமுங்கும் என்பதால், வெறுமனே வைத்து அளந்த உயரம் குழந்தை உட்கார்ந்ததும் குறைந்துவிடும். நாற்காலியே மெத்தை வைத்ததாக இருந்தால் அதுவும் சேர்ந்து அமுங்கும். இன்னும் ஒன்று: பல மேசைகளில் பலகைக்குக் கீழே சுற்றிலும் ஒரு சட்டம் ஓடுகிறது. இருக்கை உயரமாக அமைந்துவிட்டால், குழந்தையின் தொடை அந்தச் சட்டத்தில் இடிக்கும். நாற்காலியை உள்ளே தள்ள முடியாமல் போய், குழந்தைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி விழுந்துவிடும். நாற்காலிக்குக் கைப்பிடிகள் இருந்தால், இருக்கையின் அகலம் அவற்றுக்கிடையே நுழைகிறதா என்றும், கைப்பிடிகள் மேசைக்கு அடியில் போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

உயரம் தவறினால் என்ன ஆகும் என்பதைக் குழந்தையின் தோளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இருக்கை தாழ்வாக இருந்தால், மேசைமேல் கையை வைப்பதற்காக இரண்டு தோள்களும் காதை நோக்கி உயர்ந்துவிடும். கரண்டியைத் தட்டிலிருந்து வாய்க்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் முழங்கை பக்கவாட்டில் விரிந்து நிற்கும். சற்று நேரத்தில் கை சோர்ந்து, கரண்டியைப் போட்டுவிட்டுக் குழந்தை முழங்காலிட்டு நிற்கத் தொடங்கும். நாமோ அதைச் சேட்டை என்று நினைத்துக்கொண்டு உட்கார் உட்கார் என்று சொல்லிக்கொண்டிருப்போம். எங்கள் மகள் தாழ்வான ஃபோம் இருக்கையில் இருந்தபோது ஒவ்வொரு வாய்க்கும் எழுந்து நின்றாள். அதே நாற்காலியில் சற்று உயரமான இருக்கையை வைத்தபோது, யாரும் எதுவும் சொல்லாமலே உட்கார்ந்தபடி சாப்பிட்டாள். மாறியது உயரம் மட்டுமே.

கையைவிடவும் கால் விஷயத்தில்தான் பெரும்பாலான பூஸ்டர் இருக்கைகள் குறைபடுகின்றன என்பது என் கணிப்பு. பாதம் வைக்க இடமில்லாத உயரமான முக்காலியில் உட்கார்ந்து ஒரு வேளை உணவைச் சாப்பிட்டுப் பார்த்தால் பெரியவர்களுக்கே இது விளங்கும்: தொடையின் அடிப்பகுதியில் பலகையின் விளிம்பு அழுத்தும், கால் கனக்கும், உடம்பை நிமிர்த்தி வைத்திருப்பதற்கே இடுப்பும் முதுகும் உழைக்க வேண்டியிருக்கும். குழந்தைக்கும் அதேதான். இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்றும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி, பாதம் ஏதாவது ஒன்றின்மேல் பதிந்திருந்தால் உடல் தானாக நிலைகொள்ளும். கையும் வாயும் தம் வேலையைப் பார்க்கும். மெல்லவும் விழுங்கவும் இப்போதுதான் பழகிவரும் வயதில் இந்த நிலைப்பு சிறிய விஷயம் அல்ல. 1972-இல் நார்வே நாட்டு வடிவமைப்பாளர் பீட்டர் ஓப்ஸ்விக், ஸ்டோக்கே நிறுவனத்துக்காக வடிவமைத்த ட்ரிப் ட்ராப் நாற்காலியின் அடிப்படையே இதுதான். ஹைசேரில் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்ட தன் சிறு மகன் பெரியவர்களின் நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்திருந்ததைக் கண்டே, அமரும் பலகையையும் பாதப் பலகையையும் தனித்தனியே ஏற்றி இறக்கக்கூடிய நாற்காலியை அவர் உருவாக்கினார். அவ்வகை நாற்காலிகள் விலையிலும் எடையிலும் பூஸ்டர் இருக்கையைவிட மிக அதிகம் என்றாலும், இரண்டாவது குழந்தையையும் எதிர்பார்ப்பவர்கள், பல ஆண்டுகள் ஒரே வீட்டில் இருக்கப்போகிறவர்கள் ஆகியோருக்கு அது யோசிக்கத்தக்க மாற்றுவழி.

பூஸ்டர் இருக்கையையே வைத்துக்கொண்டு பாதத்துக்கு இடம் தருவதும் முடியாததல்ல. முதலில் இருக்கையின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். குழந்தையின் முதுகு சாய்வோடு ஒட்டியிருக்கும்போது, முழங்கால் மடிப்பு இருக்கையின் முன்விளிம்புக்குச் சற்று வெளியே வர வேண்டும். ஆழம் அதிகமானால் கால்கள் மடங்காமல் நேராக நீட்டிக்கொண்டிருக்கும்; அந்த நிலையில் பாதப் பலகை இருந்தும் பயனில்லை. ஆழம் சரியாக இருந்தால், அடுத்தது ஒரு கழித்தல் கணக்கு. நாற்காலியின் அமரும் பரப்பு 45 செ.மீ., இருக்கை உயர்த்துவது 13 செ.மீ. என்றால், குழந்தை தரையிலிருந்து 58 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. முழங்கால் மடிப்பிலிருந்து உள்ளங்கால் வரை 20 செ.மீ. என்றால், பாதம் பதிய வேண்டிய இடம் தரையிலிருந்து 38 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில், எளிதில் நகராத, கனமான, அகலமான ஒரு முக்காலியை நாற்காலிக்கு முன்னால் வைக்கலாம். புத்தகங்களையோ டப்பாக்களையோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பது மட்டும் கூடாது. பாதம் பட்டதும் சரியும் பொருள், பாதத்துக்கு ஆதாரமில்லாததைவிட மோசமானது. முக்காலி வைப்பதில் ஒரு சங்கடமும் உண்டு: வாரைக் கழற்றக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு அதுவே இறங்கும் படியாகிவிடும். மூன்று வயதை நெருங்கும் குழந்தைக்கு அது வசதி. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அது ஆபத்து. நாங்கள் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் முக்காலியை வைத்து, முடிந்ததும் எடுத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

பாதத்துக்கு ஆதாரம் தேவை என்பதற்கு நேர்மாறாக, பாதம் எட்டவே கூடாத இடமும் ஒன்று உண்டு. அது மேசையின் விளிம்பும் கீழ்ச்சட்டமும். குழந்தை இரண்டு காலையும் மேசையில் ஊன்றி ஒரு தள்ளு தள்ளினால், நாற்காலி, பூஸ்டர் இருக்கை, குழந்தை மூன்றும் சேர்ந்து பின்பக்கமாகச் சாயும். இருக்கையை வைத்ததும் எடையின் மையம் மேலே போய்விடுகிறது என்பதால், சாதாரணமாக அசையாத நாற்காலிகூட இப்போது எளிதில் சாயும். ஆகவே நாற்காலியின் தேர்வு இருக்கையின் தேர்வைவிட முக்கியமானது. நான்கு கால்களும் நன்கு விரிந்த, கனமான, முதுகுச்சாய்வு உள்ள நாற்காலிதான் இதற்கு ஏற்றது. மடக்கு நாற்காலி, சுழலும் நாற்காலி, சக்கரம் வைத்தது, ஆடும் நாற்காலி, முதுகில்லாத முக்காலி, பெஞ்சு ஆகியவற்றின்மேல் பூஸ்டர் இருக்கையை வைக்கவே கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தக்க மெல்லிய பிளாஸ்டிக் நாற்காலியிலும் நான் வைக்க மாட்டேன். குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தாலே அதன் கால்கள் வளைவதைக் கண்ணால் காணலாம். எங்கள் வீட்டில் குழந்தையின் நாற்காலிக்கு, முதுகுப்பக்கம் சுவர் இருக்கும் இடத்தையே ஒதுக்கினோம்.

நாற்காலி உறுதியானதாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது இருக்கையை அதோடு பிணைக்கும் வார்கள். நல்ல இருக்கையில் இரண்டு வார்கள் இருக்கும். ஒன்று நாற்காலியின் முதுகைச் சுற்றிப் போகும். மற்றொன்று அமரும் பலகைக்கு அடியில் சுற்றிப் போகும். முதுகு வார் இருக்கை முன்னால் கவிழாமல் தடுக்கிறது. அடி வார் அது பக்கவாட்டில் நகராமலும் மேலே எழும்பாமலும் தடுக்கிறது. இவற்றில் ஒன்று மட்டுமே உள்ள இருக்கைகளும் கிடைக்கின்றன. அவற்றை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தபோது, எவ்வளவு இறுக்கினாலும் ஏதாவது ஒரு திசையில் அசைவு இருந்துகொண்டே இருந்தது. இருக்கையைக் கட்டியபின் அதன் இரண்டு ஓரங்களையும் பிடித்துப் பலமாக முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். இருக்கையை ஆட்டும்போது நாற்காலியும் சேர்ந்து அசைந்தால் கட்டு சரி, இருக்கை மட்டும் தனியாக அசைந்தால் கட்டு சரியில்லை. நாற்காலியின் முதுகு மிக அகலமாகவோ, மேலே வளைந்து குறுகியதாகவோ இருந்தால் வார் நழுவி மேலேறிவிடும். முதுகில் சட்டங்கள் இடைவெளியோடு அமைந்திருந்தால், அந்த இடைவெளியில் வாரை நுழைத்துக் கட்டும்போது நழுவாது. இருக்கையின் அடியில் ரப்பர் பாதங்கள் இருக்கின்றனவா என்றும், இருக்கையின் அடிப்பாகம் முழுவதும் நாற்காலிப் பலகைக்குள் அடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு விரற்கடை அளவுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வார்கள் நாளடைவில் தளர்வது இயல்பு என்பதால், இந்த ஆட்டிப் பார்க்கும் சோதனையை முதல் நாளோடு நிறுத்திவிடாமல் அவ்வப்போது செய்ய வேண்டும்.

குழந்தையை இருக்கையோடு பிணைக்கும் வார் வேறு. இடுப்பைச் சுற்றி வரும் வாரும், தொடைகளுக்கு நடுவே வரும் வாரும் சேர்ந்தது மூன்று முனை வார். அதோடு தோள் வார்களும் சேர்ந்தால் ஐந்து முனை வார். தொடைகளுக்கு நடுவே வரும் வார் இல்லாத இருக்கையை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது இல்லாவிட்டால் குழந்தை மெல்லக் கீழே சறுக்கி, இடுப்பு வார் மார்புக்கும் கழுத்துக்கும் ஏறிவிடும். எழுந்து நிற்பதில் ஆர்வமுள்ள குழந்தைக்குத் தோள் வார் தேவைப்படும்; அமைதியாக உட்காரும் குழந்தைக்கு மூன்று முனை வாரே போதும், முன்னால் குனிந்து எடுக்கவும் அது வசதி. டிரே உள்ள இருக்கைகளில், டிரே மாட்டியிருக்கிறதே என்று வாரைப் போடாமல் விடுவது பலருக்கும் பழக்கம். டிரே உணவை வைப்பதற்கானது. குழந்தையைத் தாங்குவதற்கானது அல்ல. அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மருத்துவமனை அவசரப் பிரிவுப் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஹைசேர் தொடர்பான காயங்களுக்காக மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக 9,400-க்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டதைக் காட்டியது. ஹைசேர், பூஸ்டர் இருக்கை ஆகியவை சம்பந்தப்பட்ட காயங்களில் ஏறக்குறைய எல்லாமே கீழே விழுந்ததால் ஏற்பட்டவை. அவ்வாறு விழுந்த குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் விழுவதற்குச் சற்று முன் அதில் ஏறிக்கொண்டோ நின்றுகொண்டோ இருந்தவர்கள். வாரைச் சரியாகப் போட்டிருந்தால் குழந்தை நிற்க முடியாது என்பதே இந்தக் கணக்கு சொல்லும் செய்தி.

வாரின் பக்கிள் எப்படித் திறக்கிறது என்பதைக் கடையில் யாரும் கவனிப்பதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் திறப்பதைக் குழந்தை விரைவிலேயே கற்றுக்கொள்ளும். இரு பக்கமும் சேர்த்து அழுத்தித் திறப்பது அவ்வளவு எளிதில் வசப்படாது. ஆனால் குழந்தைக்குக் கடினமானது முதியவர்களுக்கும் கடினம். பகலில் மகளைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியார், இரவலாக வந்த ஓர் இருக்கையின் பக்கிளோடு போராடிவிட்டு, “இதை மாட்டி முடிக்கிறதுக்குள்ள பிள்ளைக்குப் பசியே போயிடும்மா” என்று சொல்லிவிட்டார். அந்த இருக்கை மற்ற எல்லா விதத்திலும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டுவதற்குச் சிரமமான வார், ஒருநாள் மாட்டப்படாமலே விடப்படும் என்பதால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். குழந்தைக்கு உணவூட்டும் ஒவ்வொருவரும் வாங்குவதற்கு முன் பக்கிளை மாட்டிக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

வகைகளைப் பொறுத்தவரை, கெட்டிப் பிளாஸ்டிக் இருக்கையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஒரே வார்ப்பாகச் செய்த ஃபோம் இருக்கைகள் இலேசானவை, குழந்தைக்கு இதமானவை, துடைக்கவும் எளிதானவை. உயரத்தை மாற்ற முடியாது என்பதும், பக்கவாட்டுச் சுவர்கள் பருத்த தொடையுள்ள குழந்தையை இறுக்கும் என்பதும் அவற்றின் குறைகள். தரையில் வைத்துப் பயன்படுத்துவதற்கென்றே செய்த ஃபோம் இருக்கைகளும் பார்வைக்கு ஏறக்குறைய இப்படியே இருப்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பம்போ என்ற அத்தகைய தரை இருக்கையை மேசை போன்ற உயரமான இடங்களில் வைத்ததால் குழந்தைகள் விழுந்து தலையில் அடிபட்ட நிகழ்வுகளைத் தொடர்ந்து, 2012-இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் இருக்கைகளுக்கு வார் பொருத்தித் தருவதற்கான திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியிடப்பட்டது. நாற்காலியோடு பிணைக்க வழியில்லாத எந்த இருக்கையும், எவ்வளவு கனமாக இருந்தாலும், நாற்காலியின்மேல் வைப்பதற்குரியது அல்ல. காற்றடைத்தும் துணியாலும் செய்த பயண இருக்கைகள் வெளியூர்ப் பயணங்களில் ஓரிரு நாளுக்கு உதவும். அன்றாடப் பயன்பாட்டுக்கு அவை போதிய உறுதி தருவதில்லை. மடக்கும் வகையில், கீல் இருக்கும் இடத்தில் குழந்தையின் விரல் மாட்டுமா என்று நம் விரலை வைத்துப் பார்த்துவிட வேண்டும். மேசையின் விளிம்பிலேயே கவ்வித் தொங்கும் இருக்கைகளுக்கு நாற்காலியே வேண்டாம் என்றாலும், கண்ணாடி மேசை, ஒற்றைக்கால் மேசை, விளிம்பு மெலிந்த மேசை ஆகியவற்றில் அவற்றைப் பொருத்தக் கூடாது.

சுத்தம் செய்வது பற்றி வாங்கும்போது யோசிப்பவர்கள் குறைவு. அன்றாடம் அதோடு மல்லுக்கட்டும்போதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிகிறது. துணி உறை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் தையல் ஓரங்களில் குழைந்த உணவு புகுந்து காய்ந்துவிட்டால், துவைத்தாலும் முழுமையாகப் போகாது. இரவல் வந்த ஓர் இருக்கையின் உறையைக் கழற்றியபோது, வார் வெளியே வரும் துளையைச் சுற்றிக் கெட்டிப்பட்ட உணவு ஒரு வளையமாகவே படிந்திருந்தது. அதன் நடுவே வாரின் அடிப்பாகம் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் அந்த இருக்கை புதிது போலத்தான் தெரிந்தது. ஆகவே, வார்களை முழுமையாகக் கழற்ற முடிகிறதா என்று பார்ப்பதை ஒரு நிபந்தனையாகவே வைத்துக்கொண்டோம். கழற்றிய வார்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக உலர்த்தி மாட்டினால் போதும். பிளீச் போன்ற கடுமையான இரசாயனங்கள் வாரின் இழைகளை நலிவடையச் செய்யும். பக்கிளின் உள்ளே உணவுத் துணுக்கு சிக்கினால், அது பூட்டியது போன்ற சத்தத்தை எழுப்பிவிட்டு முழுமையாகப் பூட்டாமல் இருக்கக்கூடும். பூட்டிய பிறகு ஒருமுறை இழுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். டிரே, நிறம், பொம்மை மாட்டும் கொக்கி, தம்ளர் வைக்கும் குழி ஆகியவை எல்லாம் அவரவர் விருப்பம்; குழந்தை மேசையில் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தால், டிரே விரைவில் பரணுக்குப் போய்விடும்.

இருக்கையில் ஒட்டியிருக்கும் தகவல் அட்டையில் தரநிலை எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். நாற்காலியின்மேல் பொருத்தும் குழந்தை இருக்கைகளுக்கு ஐரோப்பியத் தரநிலை இஎன் 16120. அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப்2640 என்ற தரநிலையை அடிப்படையாகக் கொண்ட விதிகள் 2020 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. ஐரோப்பியத் தரநிலை, தானாக உட்காரத் தெரிந்த குழந்தை முதல் 36 மாதம் அல்லது 15 கிலோ வரையிலான குழந்தைகளைக் கணக்கில் கொண்டது. அதைவிட அதிக எடை தாங்கும் என்று குறிப்பிடும் தயாரிப்புகளும் உள்ளன. எதுவாயினும் அட்டையில் உள்ள எடையே எல்லை. குறைந்தபட்ச வயதை எண்ணாகப் பார்ப்பதைவிட, யாரும் பிடித்துக்கொள்ளாமல், சாயாமல், நிமிர்ந்து உட்காரத் தெரிகிறதா என்று குழந்தையைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. சாப்பாட்டுக்கான பூஸ்டர் இருக்கையும் காரில் பயன்படுத்தும் பூஸ்டர் இருக்கையும் முற்றிலும் வேறானவை. சாப்பாட்டு இருக்கையைக் காரில் வைப்பது எந்த நிலையிலும் கூடாது.

வாங்கிவந்த புதிதில் மகள் அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். புதிய உயரம் அவளுக்கு உற்சாகம் தந்தது, வார் தரவில்லை. வாரைப் பூட்டுவதை நாங்கள் விலக்கில்லாத விதியாக வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக நேரத்தைக் குறைத்தோம். போதும் என்று தட்டைத் தள்ளியதும் உடனே இறக்கிவிடுவோம். அடுத்த வாய்க்காகப் பிடித்து வைத்திருப்பதில்லை. இறங்க முடியும் என்று தெரிந்த குழந்தை ஏறுவதற்கு அடம்பிடிப்பதில்லை என்பதை அப்போது கண்டோம். சாப்பாடு முடியும்வரை கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பது இருக்கைக்காக மட்டும் அல்ல. உணவு தொண்டையில் அடைத்துக்கொண்டால் குழந்தையால் சத்தம் எழுப்ப முடியாமல் போகலாம் என்பதாலும்தான். குழந்தை இருக்கையில் இருக்கும்போது நாற்காலியை இழுத்து நகர்த்தக் கூடாது. மேசை விரிப்பும் இந்த வயதில் வேண்டாம்; உயரத்தில் உட்கார்ந்த குழந்தைக்கு அதைப் பிடித்து இழுப்பதைவிடச் சுவையான விளையாட்டு இல்லை.

பழையதை வாங்குவதிலோ தெரிந்தவர்களிடம் பெறுவதிலோ எனக்குத் தயக்கம் இல்லை. கெட்டிப் பிளாஸ்டிக் இருக்கை ஒரு குழந்தையோடு தேய்ந்துபோகும் பொருள் அல்ல. ஆனால் பொருளின் மாதிரி எண்ணைக் கொண்டு அது குறைபாடு காரணமாக நிறுவனத்தால் திரும்பப் பெறப்பட்டதா என்று தேடிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கில் வார் நுழையும் துளைகளின் ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். முதலில் விரிசல் விடுவது அந்த இடத்தில்தான். உயரத்தை மாற்றும் பூட்டுகள் இரு பக்கமும் ஒரே சத்தத்தோடு பொருந்த வேண்டும். உட்கார்ந்த நிலையில் குழந்தையின் முழங்கை நாற்காலியிலிருந்தே மேசையை எட்டத் தொடங்கினாலோ, எடை அட்டையின் எல்லையைத் தொட்டாலோ, வாரைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி இறங்கப் பழகிவிட்டாலோ அதன் வேலை முடிந்தது. அப்போது அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது, நாற்காலி வார்கள் இரண்டும், குழந்தைக்கான வாரும், செய்முறைத் தாளும் கூடவே போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வார்களில் ஒன்று தொலைந்திருந்து, அந்த நிறுவனத்திடமிருந்தே மாற்று வார் கிடைக்கவில்லை என்றால், வேறு கயிற்றாலோ பெல்ட்டாலோ ஒப்பேற்றச் சொல்லிக் கொடுப்பதைவிட, கொடுக்காமல் விட்டுவிடலாம்.